அட்டை எழுதியவன்

டூரின் நகரம், போ நதிக்கரை,
கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை.
வெயில் இருந்தால் படப்பிடிப்பு, இல்லையென்றால் சீட்டாட்டம்.
எனக்கு அட்டை எழுதும் வேலை.
அவள் பேசியதாக ஊர் நம்பவேண்டியதைக்
கறுப்பு அட்டையில் வெள்ளை மையால்.

எர்சீலியா குவாலினோ.
திரையில் ஃபியாமெத்தா டோர்வால்.
அதற்கு முன்பு வெர்மூத் ஆலையில்
நாளெல்லாம் புட்டிகளுக்கு
நாக்கால் ஈரம் தொட்டு லேபிள் ஒட்டியவள்.
"என் முத்தத்தில் பசை நாறுதாம் இவனுக்கு" என்பாள்
கதாநாயகனின் காதுபடவே.

முதல் மூன்று வருடத்தில் பதினொரு முறை செத்தாள்.
விஷம், ரயில், காசநோய்,
ஒருமுறை சிங்கம்.
சிங்கத்துக்குப் பல் இல்லை. அவள் மடியில் தூங்கிவிட்டது.
சாகும்போதெல்லாம் உதடு அசையவேண்டும் என்பது டைரக்டர் கட்டளை.
நான் எழுதினேன்:
"கொராதோ, விண்மீன்களுக்கு அப்பால் காத்திருப்பேன்."
அவள் சொன்னது, பியத்மோன்ட் கொச்சையில்:
"செருப்பு கடிக்குது. எந்தப் பாவி வாங்கினான் இதை?
சனிக்கிழமைக் கூலி இன்னும் வரல."
கேமராக்காரன் சிரிப்பை விழுங்கிக்கொண்டே
கைப்பிடியை ஒரே சீராய்ச் சுற்றக் கற்றிருந்தான்.

அலெசாந்திரியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
ஒரேஸ்தே விலியானி, அச்சுக்கோப்பவர்,
ஐந்து வயதில் காது போனவர்.
கையெழுத்தும் கோத்த மாதிரியே இருந்தது.
"அம்மணி, ஞாயிறுதோறும் நாங்கள் ஒன்பது பேர்
முன்வரிசையில் உட்கார்கிறோம்.
அட்டையை நாங்கள் படிப்பதில்லை.
கூலி வந்ததா?"

சிரித்தாள் முதலில்.
பிறகு ஒப்பனை அறைக்குப் போனவள் வெளியே வரவில்லை.
அன்றைய வெயில் வீண்.

அதற்குப்பின் ஒழுங்காகப் பேசினாள் என்று சொல்ல ஆசைதான்.
ஏச்சு இன்னும் கூடியது.
குரலை மட்டும் எடுத்துவிட்டாள்.
முகத்தை லென்ஸுக்கு நேரே கொண்டுவந்து
வெறும் உதடு.
பத்தடி தள்ளி நின்ற எனக்கு ஒன்றும் விளங்காது.
அந்த இலையுதிர்காலத்தில் ராணி வேஷம்.
அரியணையிலிருந்து எழுந்து ஏதோ சொன்னாள், அழவில்லை.
நான் எழுதினேன்: "மகுடத்தைக் கொண்டு வாருங்கள்!"
படம் வெளியாகி இரண்டு வாரத்தில்
கறுப்புக் கரை போட்ட உறை வந்தது, ஒன்பது கையெழுத்துகளோடு.
அதைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன்,
அவள் தம்பி இசோன்சோ ஆற்றங்கரையில் செத்துப்போனதை.
அவன் பெயர் பினோ.
பத்தொன்பது வயது.

பேசும்படம் வந்தது.
மைக்கில் அவள் குரல் தகரத்தில் மணல் கொட்டினாற்போல்.
ஒரே சோதனை, ஐந்து நிமிடம், கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
அடுத்த திங்கள் எனக்கும் கணக்கு முடித்தார்கள்.
அட்டை இல்லை இனி.
நடிகர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசலாம்,
இருட்டில் பேசலாம், கதவுக்கு அப்பால் பேசலாம்.
விலியானி எழுதியிருந்தார், எனக்கு, முதல்முறையாக:
"ஆறு பேர்தான் மிச்சம். பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.
படம் ஊமையாகிவிட்டது ஐயா."

பழைய சுருள்களை எடைக்குப் போட்டார்கள்.
வெள்ளியைப் பிரித்துக்கொண்டு மீதியில் சீப்பு செய்தார்களாம்.
என் மனைவியிடம் தேன்நிறத்தில் ஒரு சீப்பு உண்டு.
வாங்கிய இடத்தை நான் கேட்கவில்லை.

போன பிப்ரவரியில், நீசா தெரு தியேட்டரில்,
சீட்டுக் கொடுக்கும் கூண்டில் அவள்.
நரைத்திருந்தாள். உதட்டில் அதே சாயம்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னிடம் ஏதோ சொன்னாள்,
நிதானமாக, நீளமாக.
டிராம் போய்க்கொண்டிருந்தது.
"என்ன?" என்றேன். சில்லறையைத் தள்ளினாள்.
எனக்குப் பின்னால் ஒருவர் சத்தமில்லாமல் சிரித்தார்.
திரும்பினால்,
விரல்நுனியெல்லாம் ஈயக் கறுப்பு.
அவரும் ஒரு சீட்டு வாங்கினார்.
உள்ளே வரவில்லை.